அன்றைய டெஸ்ட் கிரிக்கெட்: பழமை பற்றிய கட்டுரைக்கு ஒரு பயிற்சி

க.பொ.த. (சாதாரண தரம்) – தமிழ்மொழியும் இலக்கியமும் – கட்டுரைப் பகுதி

மாணவர்களே, பழைய காலத்தைப் பற்றி எழுதச் சொல்லும் தலைப்பு வந்தால் பெரும்பாலான விடைகள் ஒரே மாதிரித் தொடங்குகின்றன. "அக்காலம் ஒரு பொற்காலம்." அடுத்த வசனம், "இன்றோ எல்லாம் மாறிவிட்டது." இவ்விரு வசனங்களிலும் எழுத்துப்பிழை இல்லை. செய்தியும் இல்லை. விளையாட்டு, பண்டிகை, கடிதப் போக்குவரத்து என எந்தத் தலைப்புக்கும் இதே வசனங்களை ஒட்டிவிடலாம் என்றால், எந்தத் தலைப்பைப் பற்றியும் நீங்கள் எதுவும் சொல்லவில்லை என்பதே பொருள்.

இப்பாடத்தில் "அன்றைய டெஸ்ட் கிரிக்கெட்" என்னும் தலைப்பை எடுத்துக்கொள்வோம். ஏகாம்பரம் மைதானத்தில் மென்பந்து விளையாடும் உங்களுக்கு ஐந்து நாள் ஆட்டம் தூரத்து விடயமாக இருக்கலாம். அதனால்தான் இதைத் தெரிந்தேன். தெரியாத காலத்தைப் பற்றி எழுத வேண்டுமானால் விபரம் சேர்க்காமல் முடியாது.

விபரம் சேர்த்தல்

முதலில் காலம். ஒரு டெஸ்ட் போட்டிக்கு ஐந்து நாள் என்பதே எப்போதும் இருந்த விதி அன்று. நாள் வரையறை இல்லாத போட்டிகளும் முன்பு நடந்தன. 1939 மார்ச் மாதத்தில் டர்பன் நகரில் தென்னாபிரிக்காவும் இங்கிலாந்தும் ஆடிய போட்டி 3ஆம் திகதி தொடங்கி 14ஆம் திகதி வரை நீண்டது. வெற்றிக்கு 696 ஓட்டங்கள் தேவை. இங்கிலாந்து 5 விக்கெட்டுக்களை மட்டும் இழந்து 654 ஓட்டங்களை எடுத்திருந்தது. இன்னும் 42 ஓட்டங்களே மீதி. ஆனால் நாடு திரும்பும் கப்பலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் போட்டி வெற்றி தோல்வியின்றிக் கைவிடப்பட்டது! "அன்று ஆட்டம் மெதுவாக நடந்தது" என்று எழுதுவதைவிட இந்த ஒரு செய்தி எவ்வளவு பேசுகிறது என்று பாருங்கள்.

போட்டியின் நடுவே ஓய்வு நாள் ஒன்றும் இருந்தது. அது பின்னர் வழக்கொழிந்தது. எனினும் 2024 செப்டெம்பரில் காலியில் நடந்த இலங்கை – நியூசிலாந்து டெஸ்டில், 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் நடந்தபடியால், அன்று ஓய்வு நாள் வழங்கப்பட்டது. பழையது ஒரு நாள் மட்டும் திரும்பி வந்தது எனலாம்.

கப்பலைப் பற்றிச் சொன்னேன். துறைமுக மாவட்டத்துப் பிள்ளைகள் நீங்கள். இது உங்களுக்கு எளிதில் விளங்கும். இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே பயணம் செய்த அணிகள் வழியில் கொழும்பில் இறங்கி ஒரு போட்டி ஆடிவிட்டுச் செல்வது வழக்கம். 1882இல் ஐவோ பிளை தலைமையிலான ஆங்கில அணி அவ்வாறு ஆடியது. 1948 மார்ச்சில் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணியும் வந்து கொழும்பு ஓவல் மைதானத்தில் ஆடியது. ஆடுகளம் 22 யார் இருக்க வேண்டிய இடத்தில் 20 யார்தான் இருந்தது என்பது பின்பு தெரிய வந்தது. நமது திருகோணமலைத் துறைமுகம் உலகறிந்த ஆழமான துறைமுகம். ஆனால் அது 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம். பயணிகள் கப்பல் நின்றது கொழும்பில். ஆகவே பிராட்மனைப் பார்த்தவர்கள் கொழும்பார்தாம்.

அன்று இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம். இங்கே சற்று நிற்போம், ஏனெனில் இக்கட்டுரையின் உயிர்நிலை இவர்தான்.

சதாசிவம் 1915இல் பிறந்தவர். கொழும்பு தமிழ் யூனியன் கழகத்தின் துடுப்பாட்ட வீரர். 1947இல் சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்களைக் குவித்தார். இலங்கை, சிங்கப்பூர், மலாயா ஆகிய மூன்று நாட்டு அணிகளுக்குத் தலைவராக இருந்தார். ஆயினும் டெஸ்ட் பதிவேட்டில் அவருடைய பெயரைத் தேடினால் கிடைக்காது. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது 1981 ஜூலையில். சதாசிவம் 1977லேயே காலமாகிவிட்டார். திறமை குறைந்து விடுபட்டவர் அல்லர். காலம் பிந்தி விடுபட்டவர். அதே தமிழ் யூனியன் கழகத்துக்கு ஆடிய முத்தையா முரளிதரன், 2010 ஜூலை 22இல் காலியில் தன் கடைசி டெஸ்டின் கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தினார். ஒருவருக்கு 800, மற்றவருக்கு ஒரு வரியும் இல்லை. இருவரையும் அடுத்தடுத்த பந்திகளில் வைத்தால் வேறு அலங்காரம் தேவைப்படாது.

மூன்று வகைச் செய்தி

இனி முக்கியமான இடம். சேப்பாக்கத்தில் 215 என்பது பதிவில் உள்ள உண்மை. மேற்கிந்திய வீரர் பிராங் வொரல், தாம் பார்த்தவர்களுள் சதாசிவமே மிகச் சிறந்தவர் என்று கருதினார் எனச் சொல்லப்படுகிறது. இது கேள்விச்செய்தி. "அவரைப் போல் இனி எவரும் பிறக்கப் போவதில்லை" என்பது கருத்து. மூன்றையும் எழுதலாம். ஆனால் மூன்றையும் ஒரே குரலில் எழுதக்கூடாது. கேள்விச்செய்திக்கு "எனச் சொல்வர்", "என்று கேள்விப்படுகிறோம்" என்ற முடிவு வேண்டும். என் தகப்பனார், 1986 செப்டெம்பரில் இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் சேப்பாக்கத்தில் சமநிலையில் முடித்த டெஸ்டின் கடைசி ஓவரை வானொலியில் கேட்ட விதத்தை இன்றும் வர்ணிப்பார். போட்டி சமநிலையில் முடிந்தது உண்மை. இந்திய அணியின் கடைசி விக்கெட் அந்த ஓவரின் ஐந்தாம் பந்தில் வீழ்ந்தது என்பதும் உண்மை. அவ்வேளையில் ஒழுங்கை முழுவதும் மூச்சுவிடாமல் நின்றது என்பது அப்பா சொல்வது. எனக்கு அது பிடிக்கும்; ஆனாலும் "அப்பா சொல்வார்" என்றுதான் எழுதுவேன்.

மறுபக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். பழைய ஆட்டம் எல்லாம் சுவையானது என்று எழுதினால் விபரம் தெரிந்தவர் சிரிப்பார். 1964 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக இந்தியாவின் பாபு நட்கர்ணி தொடர்ந்து 131 பந்துகளை ஓட்டம் கொடுக்காமல் வீசினார். 32 ஓவர்களில் அவர் கொடுத்தது 5 ஓட்டங்கள். சிலருக்கு இது பெருங்கலை. வெயிலில் குந்தியிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே யோசியுங்கள்.

மாதிரிப் பந்தி

"1982 பெப்ரவரி 17ஆம் நாள், கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கியது. பந்துல வர்ணபுர அணித் தலைவர். பாடசாலை மாணவனாக இருந்த 18 வயது அர்ஜுன ரணதுங்க முதலாவது இனிங்ஸில் 54 ஓட்டங்கள் எடுத்தார். இலங்கை 218, இங்கிலாந்து 223. இரண்டாவது இனிங்ஸில் ரோய் டயஸ் 77 ஓட்டங்களைப் பெற, 3 விக்கெட்டுக்களுக்கு 167 என்ற நிலையில் வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதன்பின் 8 ஓட்டங்களுக்குள் 7 விக்கெட்டுக்களும் சரிந்தன. எம்புரி 6 விக்கெட்டுக்களை வீழ்த்தினார். இங்கிலாந்து 7 விக்கெட்டுக்களால் வென்றது. மூன்றரை ஆண்டுகளின் பின், 1985 செப்டெம்பரில், அதே மைதானத்தில் இந்தியாவை 149 ஓட்டங்களால் வென்று இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. மறுநாள் நாட்டில் பொது விடுமுறை அறிவிக்கப்பட்டது."

இப்பந்தியில் "பொற்காலம்" என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "சரிந்தன" என்ற ஒரு வினைச்சொல்லே வருத்தம் முழுவதையும் சுமக்கிறது. இன்னொன்று: கொழும்பு ஓவல் என்று மேலே குறிப்பிட்டதும் பி. சரவணமுத்து மைதானமும் ஒன்றே; தமிழ் யூனியன் கழகத்துக்கு உரியது. 1948, 1982, 1985 ஆகிய மூன்று நிகழ்ச்சிகளையும் அந்த ஒரே மைதானத்தைக் கொண்டு கோத்துவிடலாம். ஆண்டு வரிசையில் அடுக்குவதைவிட இவ்வாறு ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு எழுதுவது எனக்கு உகந்த முறை. வடக்கிலோ கிழக்கிலோ ஒரு டெஸ்ட் போட்டியும் இதுவரை நடந்ததில்லை என்பதையும் இவ்விடத்தில் ஒரு வசனத்தில் சேர்க்கலாம்; முறைப்பாடாக நீட்ட வேண்டாம்.

பயிற்சி

1. பின்வருவனவற்றுள் உண்மை எது, கருத்து எது, கேள்விச்செய்தி எது எனக் குறிப்பிடுக.
(அ) சதாசிவம் மூன்று நாட்டு அணிகளுக்குத் தலைமை தாங்கினார்.
(ஆ) ஐந்து நாள் ஆட்டத்துக்கு இணையான ஆட்டம் இல்லை.
(இ) வொரல் சதாசிவத்தையே மிகச் சிறந்தவர் என்று கருதினாராம்.

2. "அக்காலம் ஒரு பொற்காலம்" என்ற வசனத்தை நீக்கிவிட்டு, டர்பன் போட்டியின் செய்தியைக் கொண்டு ஒரு தொடக்கப் பந்தி எழுதுக.

3. உங்கள் வீட்டில் அல்லது அயலில் உள்ள முதியவர் ஒருவரிடம், அவர் வானொலியில் கேட்ட ஒரு போட்டியைப் பற்றிக் கேட்டறிக. அவர் கூறிய ஆண்டையும் ஓட்ட எண்ணிக்கையையும் பழைய பத்திரிகையில் அல்லது நூலகத்தில் சரிபார்த்து, வேறுபாடு இருப்பின் இரண்டையும் குறிப்பிட்டு ஒரு பந்தி எழுதுக.