கரிமூட்டத்துக்குப் போகும் கட்டையில் வட்டப் பலகை

விளாத்திகுளம் பக்கம் வெட்டுகிற சீமைக்கருவேலம் பெரும்பாலும் கரிமூட்டத்துக்கே போகிறது. 1877 வாக்கில் இந்தியாவுக்குள் வந்த இந்த மரம் முறுக்கி வளரும். நிலைக்கோ கதவுக்கோ நீளப் பலகை தராது. ஆனால் காயும்போது மிகக் கொஞ்சமே சுருங்கும், வைரம் பாய்ந்த கெட்டி மரம். சட்டி இறக்கும் மணை, பானை மூடி, காய் நறுக்கும் பலகை என்று ஒரு சாணுக்குள் அடங்குகிற சாமான்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? மூட்டம் போடும் முன் நல்ல கட்டையாக நாலைந்தை ஒதுக்கி வையுங்கள்.

1. முள்ளை முதலில் அரிவாளால் கழித்துவிடுங்கள். குத்தினால் நாள்கணக்கில் வீங்கி வலிக்கும்.

2. பச்சைக் கட்டையை வட்டு வட்டாக அறுக்காதீர்கள். நான் ஒருமுறை அறுத்து மொட்டை மாடி வெயிலில் வைத்தேன்; நாலே நாளில் நடுவிலிருந்து விளிம்புவரை பிளந்துவிட்டது. மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையம் நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அந்த இழுப்பில்தான் வெடிக்கிறது. கட்டையை நீளமாகவே வைத்து, இரு முனைகளிலும் மெழுகோ பழைய பெயிண்டோ பூசி, காற்றோட்டமான நிழலில் மாதக்கணக்கில் காயவிடுங்கள். முனை ஓரம் வெடித்தால் அந்த நாலு விரற்கடையை மட்டும் கழித்தால் போதும்.

3. உருண்டைக் கட்டை ரம்பத்துக்கடியில் உருளும். இரண்டு ரீப்பர் துண்டுகளைப் பெருக்கல் குறிபோல் ஆணியடித்து, அப்படி இரண்டு சேர்த்துத் தாங்கி செய்துகொள்ளுங்கள். காலால் மிதித்துக்கொண்டு அறுப்பது வேண்டவே வேண்டாம்.

4. முட்டை வடிவம் எளிதில் கிடைக்க ஒரு வழி: கட்டையைச் சாய்வாக அறுப்பது. 15 செ.மீ. குறுக்களவுள்ள கட்டையை 45 பாகை சாய்த்து அறுத்தால் 21 செ.மீ. நீளமுள்ள நீள்வட்டம், பட்டையோடு, அப்படியே வந்துவிடும்.

5. நீளவாட்டில் அறுத்த பலகையில் வட்டம் போட நூலை நம்பாதீர்கள். இழுத்த இழுப்புக்கு நீளும். மெல்லிய மரச் சட்டத்தின் ஒரு முனையில் ஆணி, தேவையான தூரத்தில் பென்சில் நுழையும் துளை. அதுதான் கவராயம்.

6. பலகையில் நீள்வட்டம் போட நூல் வேண்டும். நீளாத நூலாக இருந்தால் நல்லது. 25 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் வேண்டுமென்றால், நடுக்கோட்டில் 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஆணி அடியுங்கள். சுற்றளவு 45 செ.மீ. வருமாறு முடிச்சிட்ட நூல் வளையத்தை ஆணிகளைச் சுற்றிப் போட்டு, உள்ளே பென்சிலை விட்டு விறைப்பாக இழுத்தபடி ஒரு சுற்று வாருங்கள். வேறு அளவானால் கணக்கே தேவையில்லை. குறுக்குக் கோட்டின் முனையில் டேப்பை வைத்து, நீளத்தில் பாதியைப் பிடித்து நடுக்கோட்டைத் தொடுங்கள். தொடும் இரண்டு இடமும் ஆணிக்கு இடம். ஆணி இடைவெளியோடு நீளத்தைக் கூட்டினால் நூல் வளையத்தின் அளவு. நீள்வாட்டம் மரத்தின் நாரோடு போகட்டும். இல்லாவிட்டால் முனை ஒடிந்துவிடும்.

7. நேராகக் கோட்டிலேயே ரம்பத்தை வைக்காதீர்கள். முதலில் மூலைகளைக் கழியுங்கள். 20 செ.மீ. வட்டத்துக்கு, அதே அளவுச் சதுரத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஐந்தரை செ.மீ. தள்ளி இரு ஓரங்களிலும் குறித்து, சாய்வாக அறுத்தால் எண்கோணம் வரும். பிறகு விளிம்பிலிருந்து கோட்டை நோக்கி, வண்டிச் சக்கரத்து ஆரக்கால்போல் 2 செ.மீ.க்கு ஒரு வெட்டு. கோட்டுக்கு 2 மி.மீ. முன்னால் நிறுத்துங்கள். இனி மெல்லிய பிளேடால் கோட்டுக்கு வெளியே வளைந்து வந்தால் துண்டு துண்டாக உதிரும், பிளேடு திருகிக்கொள்ளாது.

8. கைரம்பம் தள்ளும்போது அறுக்கும். சிம்பு அடிப்பக்கம் தெறிக்கும். ஆகவே நல்ல முகம் மேலே இருக்கட்டும். ஜிக்சா மேல்நோக்கி அறுக்கும். அதற்கு நல்ல முகம் கீழே. கட்டிங் மெஷினில் பல் வைத்த மர பிளேடு மாட்டி வளைவு வெட்டுகிறார்களே, அதைச் செய்யாதீர்கள். மாட்டிக்கொண்டால் மெஷின் கையை உதறி எறிந்துவிடும்.

9. தூத்துக்குடியில் கப்பல் சரக்கோடு வந்த பழைய பேலட் பலகை கிடைத்தால் முத்திரையைப் பாருங்கள். ‘எச்டி’ (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது. ‘எம்பி’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகையிட்டது; சமையலறைக்கு வேண்டாம்.

10. அரம் போடும்போது, நார் நீளவாட்டில் ஓடும் பக்கத்திலிருந்து முனைப்பக்கம் நோக்கித் தேயுங்கள். எதிர்த்துத் தேய்த்தால் சிம்பு கிளம்பும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

11. மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது. மற்ற சமையல் எண்ணெய்கள் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.