உண்ணிக்குள் தேடும்போது

அன்புள்ள கயல்,

மலைக்காட்டு உண்ணிகளில் நோய்க்கிருமி தேடும் குழுவில் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தாய். மிகுந்த மகிழ்ச்சி. போகுமுன் கியாசனூர் கதையைத் தெரிந்துகொள்.

1957-இல் இன்றைய கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டுப் பக்கம் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றுப்புற ஊர்களில் மனிதர்களுக்கும் கடும் காய்ச்சல். கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்று அஞ்சினார்கள். புனே வைரஸ் ஆய்வு மையத்தினர் கிருமியைப் பிரித்தபோது, ரஷ்யாவில் உண்ணியால் பரவும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவான ஒன்று என்று தெரிந்தது. தேடல் உண்ணியின் பக்கம் திரும்பியது. ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற காட்டு உண்ணிதான் முதன்மையான கடத்தி.

உண்ணி பிடிப்பது எளிது. வெள்ளை ஃபிளானல் துணியைச் சருகின் மேல் மெதுவாக இழுத்துச் சென்றால், விலங்குக்காகக் காத்திருப்பவை அதில் ஏறிக்கொள்ளும். நவம்பர் முதல் மே வரை இளம்பருவ உண்ணிகள் மிகுதி. மனிதரை அதிகம் கடிப்பவை அவையே. பிடித்த இடம், நாள், எதிலிருந்து எடுத்தது என்பதை அங்கேயே எழுதிவிடு. கியாசனூர் வைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ.; வெப்பத்தில் விரைவில் சிதையும். ஆகவே ஆய்வகம் சேரும்வரை குளிர் குறையக் கூடாது.

அங்கே இனம், பருவம், இடம் வாரியாகப் பிரித்து, பல உண்ணிகளை ஒன்றாக அரைத்து, வைரஸின் ஆர்.என்.ஏ.வைக் கண்டறியும் ஆர்டி-பிசிஆர் சோதனை செய்வார்கள். பத்து உண்ணிகள் கொண்ட ஒரு தொகுப்பில் வைரஸ் தெரிந்தால், குறைந்தது ஒன்றில் இருந்தது என்றுதான் சொல்லலாம். பத்திலும் இருந்தது என்று எழுதிவிடாதே.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. நோயுற்ற குரங்கின் மேலிருந்து எடுத்த, வயிறு புடைத்த உண்ணியில் வைரஸ் இருந்தால், அது குரங்கின் ரத்தத்தில் வந்ததாகவே இருக்கலாம். அந்த உண்ணி நோயைப் பரப்பும் என்பதற்கு அது சான்றாகாது. துணியில் ஏறிய பசித்த இளம் உண்ணி வேறு மாதிரி. அது ஆறுகால் குஞ்சாக இருந்தபோது குடித்த ரத்தம் செரித்து, தோலுரித்து எட்டுக்காலாகிவிட்டது. அதிலும் வைரஸ் தெரிந்தால், உண்ணியின் உடலுக்குள்ளேயே கிருமி தங்கி வாழ்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். என்னைக் கேட்டால், நூறு கொழுத்த உண்ணிகளைவிட அப்படிப்பட்ட ஒன்று அதிகம் சொல்லும். அப்போதும், அது கடித்து இன்னொரு விலங்குக்கு நோய் வருவதை ஆய்வகத்தில் கண்ட பிறகே கடத்தி என்பது உறுதியாகும்.

காட்டில் முழுக்கைச் சட்டை போடு. கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள். திரும்பியதும் அக்குள், முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம் தடவிப் பார். இளம் உண்ணி கடுகளவே இருக்கும், கடித்தாலும் வலிக்காது. ஒட்டியிருந்தால் நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு. அடுத்த பத்து நாளுக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் முதலில் சொல்.

அன்புடன்,
அத்தை