செங்கத்திலிருந்து தொலைவழியில் தூக்கமின்மைச் சிகிச்சை பெறும் முறை

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது, எழும் நேரமும் உண்ணும் நேரமும் குலைந்து, பகலுறக்கம் கூடி, நோயச்சமும் வருமானக் கவலையும் இரவுகளை நிறைத்ததால், தூக்கமின்மை பல வீடுகளில் புகுந்தது. அதே நாளில் வெளியான இந்தியத் தொலைமருத்துவ நெறிமுறைகளும், ஏப்ரல் 13இல் தொடங்கிய இ-சஞ்சீவனி என்னும் அரசின் இணையவழிப் புறநோயாளர் சேவையும், ஜவ்வாது மலையடிவாரத்துச் செங்கம் போன்ற ஊர்களில் இருப்போர் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ பயணப்படாமல் மருத்துவரிடம் பேச வழி திறந்தன. அவ்வழி ஊரடங்குக்குப் பின்னும் பயன்படத்தக்கது.

வாரத்தில் மூன்று இரவுகளாவது உறக்கம் வராமலோ இடையில் கலைந்தோ பகல்வேலை கெடுகிற நிலை மூன்று மாதம் நீடித்தால், அது நாட்பட்ட தூக்கமின்மை எனப்படும். அதற்கு மாத்திரையைக் காட்டிலும் முதலில் தரவேண்டியது, உறக்கம் குறித்த எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. பெரும்பாலும் பேச்சாலும் பயிற்சியாலும் நடப்பதால், இது தொலைபேசிக்கு நன்கு பொருந்துகிறது. அல்பிரசோலம், டயஸிபாம் போன்ற மாத்திரைகளைத் தொலைவழியில் எழுதித் தர இந்தியத் தொலைமருத்துவ நெறிமுறைகள் இடம் தரவில்லை என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

முதற்படி தூக்கக் குறிப்பேடு. படுத்த நேரம், உறங்கியதாகத் தோன்றும் நேரம், இடையில் விழித்த பொழுது, எழுந்த நேரம் ஆகியவற்றைக் காலையில் எழுந்ததும் ஒரு சாதாரண நோட்டில் இரண்டு வாரம் எழுதிவந்து, முதல் ஆலோசனையில் மருத்துவருக்கோ உளவியலாளருக்கோ படித்துக்காட்ட வேண்டும். மலைக் கிராமங்களில் டவர் சரியாகக் கிடைக்காமல் காணொலி அறுபட்டாலும், இக்குறிப்பேடு கையிலிருந்தால் வெறும் குரல் அழைப்பிலேயே சிகிச்சையைத் தொடர முடியும்.

அடுத்தது படுக்கை நேரத்தைச் சுருக்குதல். சிகிச்சையின் வலிமை பெரிதும் இதில்தான் உள்ளது. இரவு 9 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழும் ஒருவர் ஐந்தரை மணி நேரமே உறங்கினால், அவரது தூக்கத்திறன், அதாவது படுத்திருந்த நேரத்தில் உறங்கிய பங்கு, சுமார் 61 விழுக்காடு. படுக்கை நேரத்தை அந்த ஐந்தரை மணி நேரமாகவே சுருக்க வேண்டும்; இதே அளவு உறங்கும் வேறொருவர் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்ற 5 மணிக்கு எழ வேண்டியவராயின், அவர் இரவு 11.30க்கு முன் படுக்கக் கூடாது. திறன் 85 விழுக்காட்டைத் தாண்டும் வாரத்தில் 15 நிமிடம் கூட்டலாம். எந்நிலையிலும் ஐந்து மணி நேரத்திற்குக் கீழ் இறக்கலாகாது. தொடக்க நாட்களில் பகற்சோர்வு மிகும். அதைக் கண்டு பலர் கைவிடுவது வருந்தத்தக்கது, ஏனெனில் அச்சோர்வே இரவுத் தூக்கத்தை ஆழமாக்குகிறது.

இதனுடன், படுத்தும் உறக்கம் வராவிடில் பாயைவிட்டு எழுந்து திண்ணையில் அமர்ந்து, தூக்கம் சொக்கும்போது மட்டும் திரும்ப வேண்டும். ரிச்சர்ட் பூட்சின் 1972இல் முன்வைத்த இம்முறை, படுக்கைக்கும் விழிப்புக்கும் உண்டான பழக்கத் தொடர்பை அறுக்கிறது. பாயில் கைப்பேசி பார்ப்பதும் பகலில் நெடுநேரம் உறங்குவதும் அறவே கூடாது. வாரம் ஒரு அழைப்பாக ஆறு முதல் எட்டு அமர்வுகள் பொதுவாகத் தேவைப்படும்.

வலிப்பு நோய், இருமுனை மனநோய் உள்ளவர்களும் வாகன ஓட்டுநர்களும் மருத்துவரின் நேரடி அறிவுரையின்றி நேரச்சுருக்கத்தில் இறங்கக் கூடாது. குறட்டையினூடே மூச்சு நின்றுபோகிறவர்கள் மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்கினால், குறிப்பேட்டுக்கும் அமர்வுக்கும் காத்திராமல், 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலி-மானஸ் என்னும் மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். அது கட்டணமின்றி, இரவு பகலாகத் தமிழிலும் கிடைக்கிறது.