மரபணு சொன்ன சாட்சி



ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டை நாம் அறிவோம். ஒரே செல்லால் ஆன இப்பூஞ்சை மனிதனின் நெடுநாளைய நண்பன். ஆனால் இதன் உறவினருள் சில, நலிந்தோரின் உயிரையே பறிக்கும்.

உயிரினத்தின் அமைப்பும் செயலும் டி.என்.ஏ. என்னும் இழையில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளன எனலாம். ரொட்டி ஈஸ்டின் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் எழுத்துகளை விஞ்ஞானிகள் 1996-ஆம் ஆண்டில் படித்து முடித்தனர். வாயில் வெண்படலம் உண்டாக்கும் கேண்டிடா ஆல்பிகன்ஸின் எழுத்துகள் 2004-இல் வெளியாயின.

இதனால் பயன் என்ன? ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதில் கண்ட புதிய ஈஸ்டுக்கு 2009-இல் 'கேண்டிடா ஆரிஸ்' எனப் பெயரிட்டனர். இலத்தீன் மொழியில் 'ஆரிஸ்' என்றால் காது. சில ஆண்டுகளுக்குள் இந்தியா, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளிலும் இது தலைகாட்டியது. பயணிகள் வழியே ஒரு நாட்டிலிருந்து மற்ற நாடுகளுக்குப் பரவியதோ என்ற ஐயம் எழுந்தது.

ஐயத்தைத் தீர்த்து வைத்தது மரபணுவே. 54 நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈஸ்டுகளை ஆராய்ந்த அறிக்கை 2017-இல் வெளிவந்தது. ஒரே வட்டாரத்து ஈஸ்டுகள் உடன்பிறந்தார்போல் ஒத்திருந்தன. வெவ்வேறு வட்டாரத்து ஈஸ்டுகளுக்கிடையிலோ ஆயிரக்கணக்கான எழுத்துகள் வேறுபட்டன! எனவே அண்மையில் ஒன்றிலிருந்து மற்றொன்று பரவவில்லை. தெற்காசியா, கிழக்காசியா, தென்னாப்பிரிக்கா, தென் அமெரிக்கா என நான்கு குடும்பங்கள் தனித்தனியே தோன்றின என்பது தெளிவாயிற்று.

அந்த நோயாளிகளுள் விவரம் கிடைத்தோரில் நூற்றுக்கு 59 பேர் இறந்தனர் என்பது நெஞ்சை உருக்கும் செய்தி. ஈஸ்டுகளுள் நூற்றுக்கு 93, ஃப்ளூகோனசோல் என்னும் மருந்துக்கு அடங்கவில்லை. அம்மருந்து தாக்கவேண்டிய புரதத்துக்குரிய மரபணுவில் எழுத்துகள் மாறியிருந்ததும் தெரியவந்தது. இதனை முன்கூட்டியே அறியும் மருத்துவர் பயன்தராத மருந்தில் நாளை வீணாக்காமல் வேறு மருந்தை நாடலாம் அன்றோ? உலகச் சுகாதார நிறுவனமும் 2022-இல் இதனை மிக முதன்மையான பூஞ்சைப் பகைவருள் ஒன்றாகச் சேர்த்தது.

மரபணு தந்த சாட்சி மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. ஒரே மருத்துவமனையில் கிடைத்தவை ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தால், நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது என்பதே பொருள். இந்த ஈஸ்ட் கட்டிலிலும் மேசையிலும் பல நாள் உயிரோடிருக்கும். நலமுடையோரை இது பெரும்பாலும் தாக்குவதில்லை. நம் கைகளில் ஏறி நலிந்தோரைச் சென்றடையும்.

ஆகவே தோழியரே, நோயுற்றோரைக் காணச் செல்லும்போது அன்புடன் தூய்மையையும் உடன்கொண்டு செல்வோம். உள்ளே நுழையுமுன்னும் வெளியே வந்தபின்னும் கைகளை நன்கு கழுவுவோம். ஆய்வுக்கூடத்தில் அறிஞர்கள் கண்ட உண்மைக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.

— பத்தாம் வகுப்பு மாணவி