கண்ணுக்குப் புலப்படாத சுழல்

பெரிய விமானம் ஒன்று ஓடுபாதையில் விரைந்தோடி வானில் எழுகிறது. பயிற்சி விமானம் ஒன்று, அதில் பாதியளவுகூட இல்லாதது, அடுத்துப் புறப்படக் காத்து நிற்கிறது. ஓடுபாதை வெறுமையாக உள்ளது. வானமும் தெளிவாக உள்ளது. ஆயினும் கட்டுப்பாட்டுக் கோபுரம் உடனே அனுமதி தருவதில்லை. இரண்டு நிமிடங்கள் காக்க வைக்கிறது. ஏன்?

பறக்கும் விமானத்தின் இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் மிகுதி, மேலே குறைவு. அதனால் கீழுள்ள காற்று இறக்கையின் நுனியைச் சுற்றி மேல்நோக்கிச் சுருள்கிறது. இரு நுனிகளிலிருந்தும் இரண்டு சுழல்கள், படுக்கவைத்த சுழிக்காற்றைப் போல, விமானத்தின் பின்னே நீள்கின்றன. இதனைப் பின்சுழல் எனலாம். எந்திரத்தின் காற்றே இதற்குக் காரணம் எனப் பலரும் எண்ணுவர், அது பிழை. எடை மிகுந்து வேகம் குறைந்திருக்கும்போது சுழல் வலுப்பெறும். புறப்படும் பெரிய விமானத்தின் நிலை அதுவே.

இச்சுழலுக்குள் சிறு விமானம் நுழைந்தால் ஓர் இறக்கை மேலே தள்ளப்படும். மற்றொன்று கீழே அழுத்தப்படும். விமானி முழு வலிமையுடன் எதிர்த்துத் திருப்பினாலும் விமானம் புரளக்கூடும். உயரத்தில் என்றால் சமாளிக்க இடமுண்டு. தரையை ஒட்டி அதற்கு இடமேது?

1972 மே 30 அன்று அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் அருகே டிசி-9 விமானம் ஒன்று, டிசி-10 என்னும் பெரிய விமானத்தைப் பின்தொடர்ந்து பயிற்சிக்காகத் தரையிறங்க முயன்றது. பின்சுழலில் சிக்கிப் புரண்டு, அதன் வலது இறக்கை ஓடுபாதையில் மோதியது. அதில் இருந்த நால்வரும் உயிரிழந்தனர். டிசி-9 அப்படியொன்றும் சிறிய விமானம் அன்று என்பதை இங்கு நினைக்க வேண்டும்.

காற்று பலமாக வீசும் நாளில் சுழல் விரைவில் சிதையும். காற்று அடங்கிய நாளே அஞ்சத்தக்கது. தரையருகே சுழல்கள் இரண்டும் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் விலகிச் செல்லும். பக்கத்திலிருந்து அதே வேகத்தில் மென்காற்று வீசினால் ஒரு சுழல் ஓடுபாதை மீதே நின்றுவிடும்.

பெரிய விமானம் மூக்கை உயர்த்தும் இடத்தில்தான் பின்சுழல் தொடங்குகிறது. பின்னர் மெல்லக் கீழிறங்குகிறது. ஆகவே சிறு விமானத்தின் விமானி அவ்விடத்தை எட்டுமுன்பே மேலெழுந்து, முன்சென்ற விமானத்தின் பாதைக்கு மேலேயே செல்ல முயல்வார். பெரிய விமானம் விரைந்து ஏறிவிட்டால் அவரால் அதற்கு மேலே செல்ல இயலாது. அப்போது காற்று வீசிவரும் பக்கமாக விலகிச் செல்வார். ஓடுபாதையின் இடையிலிருந்து புறப்படுவதாயின் காத்திருப்பு மூன்று நிமிடங்களாகும்.

பயிற்சி

1. ஓடுபாதையின் இடையிலிருந்து புறப்படும் சிறு விமானம் கூடுதலாகக் காத்திருப்பது ஏன்?
2. ‘காற்று அடங்கிய நாளே அஞ்சத்தக்கது’ – காரணம் எழுதுக.
3. பிரித்து எழுதுக: பின்தொடர்ந்து, காற்றழுத்தம்.