சுடுதள மேசை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவின் திறந்தவெளித் துப்பாக்கி சுடுதளங்களில், சுடுபவர் உட்கார்ந்து துப்பாக்கியை மணல் பைகளின் மேல் தாங்கவைத்துக் குறிபார்க்கும் மேசை ஆண்டு முழுவதும் வெயிலிலும் மழையிலும், வட மாநிலங்களில் பனியிலும் நிற்கிறது. அது அழுகவும் கூடாது, அசையவும் கூடாது. 100 கஜத் தொலைவில், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு விலகினாலே குண்டு ஏறக்குறைய ஓர் அங்குலம் தள்ளிப்போகும். பொருத்துகள் தளர்ந்த மேசையில் துப்பாக்கியின் துல்லியத்தைச் சோதிப்பது வீண்வேலை. மேசை செய்ய நினைப்பவர்கள் எந்தப் பொருளை வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இந்த மேசையில் தண்ணீர் எங்கே தங்கும், எப்படி வெளியேறும் என்பதே அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்காததால்தான் கீழ்க்கண்ட நம்பிக்கைகள் நிலைத்திருக்கின்றன.

நம்பிக்கை: மருந்தேற்றிய மரம் அழுகவே அழுகாது.

அழுத்தத்தில் மருந்தேற்றிய பைன் மரம் நல்ல தேர்வுதான். ஆனால் மருந்து மரத்தின் வெளிறுப் பகுதியில்தான் எளிதாக இறங்கும்; நடுவிலுள்ள வைரம் அதைப் பெரும்பாலும் உள்ளே விடாது. ஆகவே பலகையை அளவுக்கு அறுக்கும்போது மருந்து எட்டாத பகுதி வெளியே வந்துவிடக்கூடும். அறுத்த முனை பலகையின் பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் பூஞ்சையால் மரத்தைத் தின்ன முடியாது. ஈரம் ஏறி, உலராமல் நின்றால்தான் அதற்கு வாழ்வு. எனவே அறுத்த முனைகளில் காப்பர் நாப்தனேட் போன்ற காப்பு மருந்தைத் தூரிகையால் பூச வேண்டும். அமெரிக்கக் கடைகளில் மருந்தேற்றிய மரத்தின் சீட்டில் யூசி3பி என்று இருந்தால் தரைக்கு மேலே வெளியில் பயன்படுத்தும் மரம். யூசி4ஏ என்று இருந்தால் மண்ணைத் தொடும் இடத்துக்கும் ஏற்ற மரம். மேசையின் கால்களுக்கு இரண்டாவதுதான் தேவை.

நம்பிக்கை: மரம் நன்றாக இருந்தால் போதும், ஆணி எதுவாக இருந்தாலும் சரி.

இங்கேதான் பல மேசைகள் முதலில் தோற்கின்றன. ஆர்செனிக் கலந்த பழைய மரமருந்தை வீட்டுப் பயன்பாட்டுக்கான பெரும்பாலான மரங்களில் ஏற்றுவதை அமெரிக்க உற்பத்தியாளர்கள் 2003 இறுதியோடு நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக வந்த மருந்துகளில் தாமிரம் அதிகம். ஈரம் இருக்கும் இடத்தில் அந்தத் தாமிரம் சாதாரண இரும்பு ஆணியையும் மெல்லிய துத்தநாகப் பூச்சையும் விரைவில் அரித்துவிடும். மரம் உறுதியாக நிற்க, போல்ட் மெலிந்து, மேசை ஆடத் தொடங்கும். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த போல்ட்டோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் துருவே பிடிக்காத பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. அதிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாக்கும் மெல்லிய படலமே அதன் கவசம். உப்புக்காற்று வீசும் கடற்கரையில், நீர் தேங்கும் இடுக்குகளில், அந்தப் படலம் உடையும். அங்கே மாலிப்டினம் சேர்ந்த 316 வகை, வழக்கமான 304 வகையைவிட நன்றாகத் தாங்கும்.

நம்பிக்கை: மரைன் பிளைவுட்டில் கனமாக வார்னிஷ் அடித்தால் மழை ஒன்றும் செய்யாது.

மரைன் பிளைவுட்டில் நீரைத் தாங்குவது அதன் பசை. அமெரிக்கச் சந்தையில் விற்கும் மரைன் பிளைவுட்டுக்குப் பொதுவாக அழுகலைத் தடுக்கும் மருந்து ஏற்றப்படுவதில்லை. அடுக்குகள் பிரியாமலே மரம் மக்கிப்போகலாம். நிறமற்ற வார்னிஷ் வழியே வெயிலின் புற ஊதாக் கதிர் ஊடுருவி மரத்தின் மேற்பரப்பைச் சிதைக்கும். படலம் விரிசல் விடும். விரிசலில் புகுந்த நீரை எஞ்சிய படலமே உலரவிடாமல் பிடித்துவைக்கும். மேசைமேல் ஒட்டும் கம்பளமும் இதே தீங்கைச் செய்கிறது: துப்பாக்கியின் கட்டையில் கீறல் விழாமல் காப்பதற்காக ஒட்டியது, மழைக்குப் பின் நெடுநேரம் ஈரத்தைத் தாங்கி நிற்கும். மரத்துக்குள் இறங்கும் நிறமுள்ள பூச்சும், சுடும்போது மட்டும் விரித்துப் பின் எடுத்துவைக்கும் விரிப்பும் மேல்.

நம்பிக்கை: பிளாஸ்டிக் பலகையோ கான்கிரீட்டோ போட்டால் கவலையே இல்லை.

பாலிஎத்திலீன் பலகை அழுகாது என்பது உண்மை. ஆனால் வலுவூட்டாத பாலிஎத்திலீனின் விறைப்பு பைன் மரத்தின் விறைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். முழங்கையை ஊன்றினால் வளையும். நெடுநாள் சுமையில் தொய்ந்தே போகும். வெப்பம் 30 பாகை செல்சியஸ் உயர்ந்தால் 2 மீட்டர் பலகை குறைந்தது 6 மில்லிமீட்டர் நீளும். இருக்கைக்கு அது பரவாயில்லை; மேசைப் பலகைக்கு அடியில் நெருக்கமான தாங்கு சட்டங்கள் இல்லாமல் ஆகாது. கான்கிரீட் விறைப்பிலும் எடையிலும் மரத்தையும் பிளாஸ்டிக்கையும் வெல்லும். எனினும் குளிர்ப் பகுதிகளில் மண்ணிலுள்ள நீர் உறைந்து அடித்தளத்தை மேலே தள்ளும். உறைபனி எட்டும் ஆழத்துக்குக் கீழே அடித்தளம் இறங்காவிட்டால் அந்தக் கனத்த மேசையும் சாய்ந்துவிடும்.

கூரை போட்டால் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கூரைதான் செலவுக்கேற்ற பலனைத் தரும் முதல் காப்பு, அதில் ஐயமில்லை. ஆயினும் சாய்ந்தடிக்கும் மழையும், தரையில் பட்டுத் தெறிக்கும் நீரும், மண்ணிலிருந்து ஏறும் ஈரமும் கால்களை எட்டும். செடார் போன்ற இயல்பிலேயே உறுதியான மரம் போதாதா என்பது அடுத்த கேள்வி. அதன் வைரம் அழுகலை எதிர்க்கும். வெளிறோ எந்த மரத்திலும் எதிர்ப்பதில்லை. கடையில் அடுக்கியிருக்கும் பலகைகளில் இரண்டும் கலந்திருக்கலாம். இவ்வளவு நுணுக்கம் பார்த்தால் செலவு கூடுமே என்பாரும் உண்டு. பலகைகளுக்கிடையே விரலிடை விடுவதற்கும், மேற்பரப்பைச் சற்றே சரிப்பதற்கும், காலை மண்ணில் புதைக்காமல் கான்கிரீட் பீடத்தின் மேல் உலோகத் தாங்கியில் நிறுத்துவதற்கும் ஆகும் செலவு, உயர்ந்த மரத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலையை நெருங்காது. எனவே முதலில் நீர் வழியும் பாதையைக் காகிதத்தில் வரையுங்கள், பிறகு அதற்கேற்ற ஆணி, போல்ட், கடைசியாகப் பலகை. இந்த வரிசையில் செய்தால், நடுத்தர விலைப் பைன் மரமே நீண்ட காலம் ஆடாமல் நிற்கும்.