திரையும் உங்கள் கண்களும்: மூத்தோருக்கான கண் பராமரிப்புக் குறிப்புகள்

மைசெஜாத்ரா செயலியில் கிளினிக்குக்கு நாள் பதிவு செய்வது, வங்கிக் கணக்கைப் பார்ப்பது, வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளைகளிடம் முகம் பார்த்துப் பேசுவது என இன்று பல வேலைகள் கணினியிலும் கைப்பேசியிலும்தான் நடக்கின்றன. சிறிது நேரம் பார்த்ததும் கண் எரிகிறது, கனக்கிறது, எழுத்து மங்குகிறது. “வயதாகிவிட்டது, கம்ப்யூட்டர் பார்த்தால் அப்படித்தான்” என்று பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

அப்படி விடக்கூடாது. திரையால் வரும் கண் சோர்வு, ஓய்வெடுத்தால் தீரும். ஓய்வெடுத்தும் தீராத மங்கலுக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது உங்கள் பார்வையைக் காக்கும்.

கண் ஏன் சோர்வடைகிறது?

இமைப்பது குறைகிறது. சாதாரணமாக நாம் நிமிடத்திற்குச் சுமார் 15 முறை கண் இமைக்கிறோம். ஒவ்வொரு முறையும் கண்ணீர் ஒரு மெல்லிய படலமாகக் கண்ணின் மேல் பரவுகிறது. திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது பாதிக்கும் கீழே குறையலாம். அதனால் கண் காய்ந்து எரிகிறது. வயது கூடக்கூடக் கண்ணீர் சுரப்பதும் குறைகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது இன்னும் அதிகம். ஒவ்வாமை மாத்திரைகளும் சில இரத்த அழுத்த மாத்திரைகளும் கண்ணை மேலும் உலர்த்தலாம்.

கண்ணாடி பொருந்துவதில்லை. 40 வயதுக்கு மேல் கண்ணின் வில்லை தன் நெகிழ்வை இழப்பதால் வெள்ளெழுத்து வருகிறது. படிக்கும் கண்ணாடி, கையில் பிடிக்கும் புத்தகத்தின் தூரத்திற்காகச் செய்யப்பட்டது. கணினித் திரையோ அதைவிடத் தள்ளி இருக்கிறது. தெளிவாகத் தெரியாததால் நீங்கள் முன்னே குனிகிறீர்கள். இரட்டைக் கண்ணாடி அணிந்தவர்கள் அதன் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கத் தாடையை உயர்த்துகிறார்கள். கழுத்து வலியும் தலைவலியும் இப்படித்தான் தொடங்குகின்றன.

நீங்கள் செய்யக்கூடியவை

1. 20-20-20 பழக்கம்: 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடிக்கு (6 மீட்டர்) அப்பால் உள்ள ஒன்றை 20 விநாடி பாருங்கள். சன்னலுக்கு வெளியே தெரியும் மரம், எதிர்ப்புறக் கட்டடம் எதுவானாலும் சரி. அடுக்குமாடியில் இருப்பவர்கள் வெளி வராந்தாவுக்கு வந்து பார்க்கலாம். காலுக்கும் அது நல்லது.
2. முழுமையாக இமையுங்கள்: மேல் இமை கீழ் இமையைத் தொடும்படி மெதுவாகக் கண்ணை மூடித் திறங்கள். இடைவேளைதோறும் பத்து முறை செய்யுங்கள்.
3. திரையின் இடம்: திரை ஒரு கை நீளத் தூரத்தில் (50 முதல் 70 செ.மீ.) இருக்கட்டும். அதன் மேல் விளிம்பு கண் மட்டத்திற்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். இரட்டைக் கண்ணாடி அணிபவர்கள் இன்னும் கொஞ்சம் இறக்கி வைக்கலாம்.
4. எழுத்தைப் பெரிதாக்குங்கள்: கைப்பேசியை முகத்தருகே கொண்டு போவதற்குப் பதிலாக எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். ஒருமுறை மாற்றி வைத்தால் போதும். வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள்.
5. வெளிச்சம்: சன்னலோ விளக்கோ திரையில் பளிச்சிடாதபடி, திரையைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். இருட்டறையில் திரையை மட்டும் பார்க்காதீர்கள்.
6. காற்று: குளிர்சாதனமும் மின்விசிறியும் முகத்தில் நேராக வீச வேண்டாம். புகைமூட்டம் உள்ள நாள்களில் சன்னலை மூடி வையுங்கள்.
7. வெதுவெதுப்பான ஒத்தடம்: சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகளின் மேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். சூட்டை முதலில் மணிக்கட்டில் சோதியுங்கள். கண்விழியை அழுத்தவோ கசக்கவோ வேண்டாம்.

கண் உலர்வு நீடித்தால் செயற்கைக் கண்ணீர்த் துளி உதவும். எது உங்களுக்குப் பொருந்தும் என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

- தேன், எலுமிச்சைச் சாறு, விளக்கெண்ணெய், பூச்சாறு, தாய்ப்பால் எதையும் கண்ணில் விடாதீர்கள். கிருமித் தொற்று ஏற்பட்டு விழியில் புண் வரலாம்.
- பழைய கண் மருந்தையோ பிறருடைய கண் மருந்தையோ பயன்படுத்தாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த துளிகள் சிலருக்குக் கண் அழுத்தத்தைக் கூட்டும். நாள்பட்டால் கண்புரையும் வரலாம்.
- நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்காகக் கூடுதல் பணம் செலவிட வேண்டியதில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2023-இல் வெளியான கோக்ரேன் ஆய்வறிக்கை, அத்தகைய கண்ணாடி கண் சோர்வைக் குறைப்பதாகக் காணவில்லை. அந்தப் பணத்தில், திரையின் தூரத்திற்கு ஏற்ற கண்ணாடி செய்துகொள்ளலாம். கண் பரிசோதனைக்குப் போகும்போது, திரைக்கும் உங்கள் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளந்து எடுத்துச் செல்லுங்கள்.

எப்போது அது வெறும் சோர்வல்ல?

கண்புரை, கண் அழுத்த நோய் (கிளோக்கோமா), நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பு ஆகிய மூன்றும் வலியின்றி மெதுவாக வரக்கூடியவை. இவற்றை உங்கள் கணினி உண்டாக்குவதில்லை. ஆனால் “கம்ப்யூட்டர் பார்த்ததால்தான்” என்று நினைத்துக் காலம் தாழ்த்தினால் இழப்பு உங்களுக்குத்தான். கண்புரையை அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். கண் அழுத்த நோயால் போன பார்வை திரும்பாது; எஞ்சியதைக் காப்பாற்ற மட்டுமே முடியும்.

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு (இனிப்பு நீர்) இருந்தது. இந்தியர்களிடையே அது மேலும் அதிகம். உங்களுக்கு நீரிழிவு இருந்தால், பார்வை நன்றாகவே இருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். அடுத்த முறை மருந்து வாங்க அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போகும்போது, “எனக்குக் கண் படம் எடுத்து எவ்வளவு நாளாயிற்று?” என்று கேளுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை: வழக்கமான கண்ணாடியை அணிந்து, சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியைப் பாருங்கள். முதலில் இடக்கண்ணை மூடுங்கள், பிறகு வலக்கண்ணை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். ஒரு கண்ணில் மட்டும் மங்கலாகவோ, கட்டங்களின் கோடுகள் வளைந்தோ தெரிந்தால் மருத்துவரைப் பாருங்கள். கோடு வளைவது புதிதாகத் தொடங்கியிருந்தால் காத்திருக்க வேண்டாம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்

- திடீரெனப் பார்வை போனால், அல்லது திரைச்சீலை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தால்
- மின்னல்போல் ஒளிக் கீற்றுகளோ புதிய கரும்புள்ளிகளோ தோன்றினால்
- கண் சிவந்து கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, தலைவலியோ வாந்தியோ வந்தால்
- திடீரென எல்லாம் இரண்டாகத் தெரிந்தால். கூடவே வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் மரத்தாலோ உடனே 999-ஐ அழையுங்கள்

இரவானாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். கிள்ளானில் இருப்பவர்கள் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லலாம். நீங்களே வாகனம் ஓட்டிச் செல்லாதீர்கள்.

பார்வை ஏற்கெனவே குறைந்திருந்தால்

கண்ணாடியாலும் சிகிச்சையாலும் சரிசெய்ய முடியாத பார்வைக் குறைவு உள்ளவர்கள், திரையை அருகில் வைத்து உற்றுப் பார்த்துத் துன்பப்பட வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் வெள்ளைக்கோலுடன் நடப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் அங்குதான் உள்ளது. பார்வை அறவே இல்லாதவர்களும், எழுத்தை உரக்க வாசிக்கும் மென்பொருள் மூலம் கணினியைப் பயன்படுத்துகிறார்கள். அந்த வசதி உங்கள் கைப்பேசியிலேயே இருக்கலாம். பல கைப்பேசிகள் தமிழிலும் வாசிக்கும். நீங்களும் காதால் கேட்டுப் பழகலாம். பார்வைக் குறைவுக்கான உதவிக் கருவிகள் பற்றி உங்கள் கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

கண் பரிசோதனைக்குச் செல்லும்போது உங்கள் எல்லாக் கண்ணாடிகளையும், நீங்கள் சாப்பிடும் மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கண் அழுத்த நோய் இருந்தால் அதையும் மறவாமல் சொல்லுங்கள்.